சாரல் ஊரில் ஹெரால்டை வைத்துக் காப்பது

(பழைய கார், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காகத் தென்காசியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய ஸ்போர்ட்ஸ் காரை நாமே எப்படிப் பராமரிப்பது என்று பேசச் சொன்னார்கள். தென்காசியில் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே இருக்கிறது என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1959ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற சிறிய கார் வெளிவந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜோவன்னி மிக்கெலோட்டி. 1961இல் அதே வண்டியைச் சென்னைக்கு வெளியே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பூட்டத் தொடங்கினார்கள். இங்கே அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. என்ஜின், நாலு சிலிண்டர். டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் வாங்கிய குடும்ப வண்டி.

அடுத்த வருடம், 1962இல், கோவென்ட்ரிக்காரர்கள் இந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கினார்கள். முன்சக்கர அமைப்பையும் பின் ஆக்சிலையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதே குடும்பத்து என்ஜினை 1147 சி.சி.க்குப் பெரிதாக்கி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் போட்டு, கூரையில்லாத இரண்டு பேர் வண்டியாக விற்றார்கள். அதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து, உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஆகவே நம் பக்கத்துத் தோப்புகளிலும் தகர ஷெட்டுகளிலும் துணி போர்த்திக் கிடக்கும் ஹெரால்டுக்கு அடியில் படுத்து மேலே பார்த்தால், தெரிவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பு. சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதும் உண்டு. இதை வைத்திருப்பவர்கள் பெருமையோடு வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. பராமரிப்பு விஷயத்திலும் ஸ்போர்ட்ஸ் காருக்கு உள்ள கண்டிப்போடுதான் வைத்திருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

இந்த வண்டியை நம் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் உடலையும் சேஸியையும் ஒன்றாக வைத்துச் செய்யத் தொடங்கிவிட்டன. டிரையம்புக்கு உடற்பகுதி அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்துகொடுக்க ஆள் இல்லாமல் போனது. வேறு வழியில்லாமல் தனிச் சேஸி ஒன்றைச் செய்து, அதன்மேல் துண்டு துண்டாக உடலைப் போல்ட் போட்டு இணைத்தார்கள். அந்த நெருக்கடி நமக்கு நல்லதாகப் போயிற்று. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்ததைச் சென்னையில் பூட்டுவது சுலபமாயிற்று. இன்றைக்கு ஒரு ஸ்பேனர் செட்டோடு நாம் அதைக் கழற்றிப் பூட்டுவதும் சுலபமாக இருக்கிறது. பானட்டைப் பாருங்கள். மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்த்து, மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம், கார்புரேட்டர் கழுவலாம், டேப்பட் பார்க்கலாம். இன்றைய கார்களில் ஒரு பல்பு மாற்றுவதற்கே பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கைவேலை கற்றுக்கொள்ள விரும்பும் பையனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கடினம்.

கையால் பிரித்துக் கற்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு என்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர் இல்லை. இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் முழுக்கப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். அங்கிருந்துதான் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய பஸ்ஸும், பிறகு வந்த யு.எம்.எஸ். கம்பெனியும், மோட்டார்களும், சவர பிளேடும் எல்லாம். பிரித்துப் பார்த்த பொருள்தான் நமக்குச் சொந்தமாகிறது என்று நான் நம்புகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வண்டி நம்முடையது ஆகிவிடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் எந்த இடம் ஆளைக் கொல்லும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது முன்சக்கரத்துக்குப் பின்னால், கீழே, கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. பெயர் டிரனியன். நின்றவாக்கில் ஒரு இரும்புத் தண்டு. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த இரும்பு மரை பித்தளைக்குள் திரும்பும். முன்பக்கத்தின் பாரமும் பிரேக் பிடிக்கும்போது வரும் இழுப்பும் அந்த மரைமேல்தான். வலது பக்கத்துக்கு வலது மரை, இடது பக்கத்துக்கு இடது மரை. மாற்றிப் பூட்ட முடியாது.

கம்பெனிப் புத்தகம் இந்த இடத்தில் ஆயில் போடச் சொல்கிறது. கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான ஆயில், நம் மெக்கானிக்குகள் தொண்ணூறு நம்பர் என்று சொல்வது. கிரீஸ் போடச் சொல்லவில்லை. ஆனால் நாடு முழுக்க என்ன நடந்தது? கிரீஸ் கன்னை எடுத்தவர்கள் அம்பாசடருக்கு அடித்தார்கள், லாரிக்கு அடித்தார்கள், அதே கையோடு ஹெரால்டுக்கும் அடித்தார்கள். கிரீஸ் நாள்பட்டால் கெட்டியாகிவிடும். மரையின் இடுக்குகளுக்குள் இறங்காது. இறங்கிய இடத்திலும் நகராமல் நிற்கும். அடிப்பக்கம் காய்ந்து கிடக்கும் இரும்பில் தண்ணீர் சேரும். துரு மரையின் அடியில் சிறு சிறு குழிகளாக அரிக்கும். அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஒரு நாள், பெரும்பாலும் வண்டியை மெதுவாக முழு லாக்குக்கு ஒடிக்கும்போது, தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடிந்து விழும். வீட்டு வாசலில் நடந்தால் தப்பித்தோம். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் சாலையின் எஸ் வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு ஆகும் செலவைச் சொல்கிறேன். ஒரு தனிக் கிரீஸ் கன். அதில் கிரீஸுக்குப் பதில் தொண்ணூறு நம்பர் ஆயில். கன்மேல் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள், வேறு யாரும் கிரீஸ் நிரப்பிவிடக் கூடாது. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி நிப்பிளை மாட்டி, மேல்பக்கம் ஆயில் கசியும்வரை அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் அரை மணி நேர வேலை. வெயில் ஊரில் இருப்பவர் வருடத்துக்கு இரண்டு தரம் செய்தால் போதும். நாம் இருப்பது சாரல் ஊர். ஆனி பிறப்பதற்கு முன்னால் ஒரு தரம், சாரல் ஓய்ந்த பிறகு ஒரு தரம், ஐப்பசி மழைக்குப் பிறகு இன்னொரு தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே பல வருடம் கிரீஸ் அடித்த வண்டியாக இருந்தால் ஆயில் போட்டு மட்டும் பயனில்லை. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குழி தெரிந்தால் தண்டை மாற்றுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம். திரும்பப் பூட்டும்போது மரையை முழுக்க இறுக்கிவிட்டு, சக்கரம் இரண்டு பக்கமும் லாக் வரை திரும்புகிற அளவுக்குத் தளர்த்தி விட வேண்டும். முழுக்க இறுக்கிய நிலையில் விட்டால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது அந்த மரையே முறிப்புக்கு ஆளாகும்.

இதில் ஒரு செய்தி சேர்க்க ஆசை. லோட்டஸ் கம்பெனி தன் புகழ்பெற்ற எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கும் டிரையம்பின் இதே முன்பகுதி அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது. அமைப்பில் குறை இல்லை. ஆயில் கேட்கும் இடத்தில் ஆயில் கொடுத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

அடுத்தது பின்பக்கம். டிஃபரன்ஷியல்மேல் குறுக்காக ஒரு கட்டுப் பட்டை. இரண்டு அரை ஆக்சில்கள் நடுவிலிருந்து மேலும் கீழும் ஆடும். நேர்ச்சாலையில் இது சொகுசு. வளைவில் வேகமாகப் போய்ப் பாதியில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ வண்டியின் பின்பக்கம் உயரும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடி போய்விடும். ஸ்பிட்ஃபயரில் 1970இல் வந்த மாடலில்தான் பட்டையின் அமைப்பை மாற்றி இதைப் பெரும்பாலும் சரிசெய்தார்கள். நம் ஊரில் 1972 முதல் 1977 வரை கொஞ்சமாகச் செய்த ஸ்டாண்டர்டு கெசலில் பின் ஆக்சிலையே மாற்றிவிட்டார்கள். ஹெரால்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒரே மருந்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை ஒரே சீராக வைத்திருப்பது. பட்டையில் உள்ள ரப்பர் பேடுகள் நைந்துவிட்டால் வண்டி பின்னால் தொங்கும், சக்கரத்தின் கோணமும் மாறும். டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது என்றால் அங்கே பாருங்கள்.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் சாலையைச் சொன்னேன் அல்லவா? பிரேக்கைப் பற்றிப் பேசாமல் அந்தச் சாலையைப் பற்றிப் பேச முடியாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. நூற்றுக்கு நாலு பங்கு கூட வேண்டாம், அதற்குச் சற்றுக் குறைவாக ஈரம் சேர்ந்தாலே 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே மலை இறங்கும்போது டிரம் சூடேறும். வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. குளிர்ந்த பிறகு மெக்கானிக்கிடம் காட்டினால் எல்லாம் சரியாக இருக்கும், கோளாறே தெரியாது. அந்தக் காலத்து ஹெரால்டுகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் போனால் எல்லாச் சக்கரத்திலும் போயிற்று. மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும். அதனால்தான் ஹேண்ட்பிரேக் கேபிளையும் அக்கறையோடு பாருங்கள் என்கிறேன்.

ஆனியிலிருந்து ஆவணி வரை நம் ஊர்க் காற்றே ஈரம். செங்கோட்டைக் கணவாய் வழியாக அது வந்துகொண்டே இருக்கும். கோயில் ராஜகோபுர வாசலில் நின்றால் அது எவ்வளவு விசையோடு வருகிறது என்று முகத்துக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றினால் நாம் வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும். மூடி திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதீர்கள். அதற்குள் அதுவும் ஈரம் குடித்திருக்கும். மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒரு கண்ணாடிப் பாட்டில், ஒரு ரப்பர் குழாய். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி, பக்கத்துச் சக்கரத்தில் முடிக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் பெடல் மிதிக்க வந்தால் காரணத்தையும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த வருடம் பாட்டிலை அவர்கள் பிடிக்கட்டும், நீங்கள் மிதியுங்கள். என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுக்கூட இந்தக் குழாய்களுக்குள் போகக் கூடாது. ரப்பர் வாஷர்கள் உப்பிப் போகும். டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்துத் தூசியை ஊதுவது நம் ஒர்க்‌ஷாப்புகளில் பழக்கம். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கும். அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி எறியுங்கள்.

இறங்குவதைப் பற்றி நம் பஸ் டிரைவர்கள் பல காலமாகச் சொல்வது ஒன்று: ஏறிய கியரிலேயே இறங்கு. ஹெரால்டுக்கும் அதுதான்.

என்ஜினைப் பற்றி. இது முரட்டு என்ஜின். 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சிறு காருக்கு 803 சி.சி.யில் தொடங்கியது, ஸ்பிட்ஃபயரின் கடைசி மாடலில் 1493 சி.சி. வரை வளர்ந்தது. அதன் பலவீனம் ஒரே இடம். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின் மெயின் பேரிங்கில் அரைவட்ட வாஷர்கள் இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு அந்த வாஷர்மேல் அழுந்தும். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் வாஷர் நழுவிச் சம்ப்பில் விழும். அதன் பிறகு கிராங்க் என்ஜின் பிளாக்கையே அரைக்கும். பிளாக் போனால் என்ஜின் போயிற்று. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். என்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். இருக்க வேண்டிய ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு முதல் எட்டு. அது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. புல்லி முன்னும் பின்னும் நகர்வது பளிச்சென்று தெரிந்தால் வண்டியை அத்தோடு நிறுத்துங்கள். சம்ப்பைக் கழற்றி வாஷர் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. தாமதித்தால் லேத்துக்காரராலும் முடியாது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி காத்திருக்காதீர்கள். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

டேப்பட் இடைவெளி குளிர்ந்த என்ஜினில் ஆயிரத்தில் பத்து அங்குலம். ஐ.டி.ஐ. தம்பிகளுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எட்டு வால்வுக்கும் முன்னாலிருந்து எண் கொடுங்கள். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, ஆறுக்கு மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். பாயிண்ட் இடைவெளி பதினைந்து, பிளக் இருபத்தைந்து. இந்த மூன்று எண்ணையும் ஒரு ஃபீலர் கேஜையும் வைத்துக்கொண்டால், வண்டி ஸ்டார்ட் ஆகாத காலைகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம். மறுபாதிக்குக் காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சேரும் ஈரம். சாரல் சீசன் நேரத்தில் உலர்ந்த பருத்தித் துணி ஒன்று டேஷ்போர்டில் எப்போதும் இருக்கட்டும்.

டேப்பட் இடைவெளியை வருடா வருடம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குக் காரணம் பெட்ரோல். 2000இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. நல்ல காரியம், குழந்தைகளின் மூளைக்குக் கேடான பொருள் அது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காவலாக இருந்தது. இப்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும். புதையப் புதைய டேப்பட் இடைவெளி குறையும். சரிசெய்த பிறகும் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அடிக்கடி இடைவெளி இறுகுகிறது என்று நோட்டு காட்டினால், அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். அதற்கு முன் அவசரப்பட வேண்டாம்.

இப்போது எத்தனால் வந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் அது இருபது சதவீதம் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை நொய்ய வைக்கும், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமைக் கெடுக்கும், ஈரத்தைச் சேர்த்து டாங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோலைவிட அது எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால் கார்புரேட்டர் பழைய ஜெட்டில் ஒல்லியான கலவையைக் கொடுக்கும். மலை ஏறும்போது என்ஜின் திணறிச் சூடேறும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஹோஸில் விரிசல் விட்டு சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டாங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். எரிபொருள் மாறுவதைச் சமாளித்த வரலாறு நமக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, நம் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி கரி வாயுக் கருவி செய்து கொடுத்தது. பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் செய்ததில் பத்தில் ஒரு பங்கு வேலைதான் நமக்கு வந்திருக்கிறது.

துரு விஷயத்தில் என் மனசு கொஞ்சம் வேதனைப்படும். சேஸியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் உடலைத் தாங்குபவை. மண்ணும் சகதியும் அவற்றின்மேல் தங்கி, உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, விலைக்கு வந்த ஹெரால்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்தால் கதவு தொங்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் சேஸிக்குள் போய்விடும். பெயிண்டுக்குச் செலவழிப்பதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள். வண்டியை ஐந்தருவிப் பக்கமோ பழைய குற்றாலத்துக்கோ எடுத்துப் போனால், வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, கதவின் அடியிலும் ஓரப் பெட்டியிலும் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதைவிட மூடாமல் கூரைக்கடியில் காற்றோட்டமாக விடுவது நல்லது. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். சர்வீஸ் ஸ்டேஷன்களில் பழைய ஆயிலை அடியில் பீய்ச்சுவது எனக்கு உடன்பாடில்லை. அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், பிரேக் ஷூவிலும் படும். மூடிய குழாய்களுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பு அடிப்பதுதான் முறை. சாரல் முடியும்வரை நிறுத்தி வைப்பவர்கள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

வெல்டிங் மட்டும் நம் கையில் வேண்டாம். சேஸி வெல்டிங் தெரிந்தவர் செய்யட்டும், பாட்டரியைக் கழற்றிக் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. பாவூர்சத்திரம் மர அறுவை மில்லில் கெட்டியான கட்டை கேட்டு வாங்கலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நொறுங்கும். தம்பிகள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

ஸ்பேனர் அங்குல அளவில் வாங்குங்கள். அரை அங்குல நட்டில் பதிமூன்று மில்லி ஸ்பேனர் போய் உட்காரும், ஆனால் தளர்வாக உட்கார்ந்து நட்டின் மூலையை உருட்டிவிடும். சாமான் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். வண்டலூர் தொழிற்சாலை ரோவர் உடலில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைச் செய்து பார்த்து, 1988இல் மூடிவிட்டது. ஆனால் ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சம் ஓடியது நமக்கு வரம். என்ஜின் வாஷரிலிருந்து டிரனியன் வரை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சென்னையில் செய்த பாகங்களில் சில அளவு வேறுபடும். பழையதை அளந்து பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

ஆர்.சி. விஷயம் ஒரு வார்த்தை. 2021இல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வருடம் கடந்த, உருமாற்றாத வண்டியை விண்டேஜ் என்று வி.ஏ. வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் மட்டும்தான் வெளியே எடுக்கலாம். குடும்பத்தோடு அருவிக்கும் கோயிலுக்கும் போக விரும்புகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருப்பது நல்லது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹெரால்டை அதன் காலத்திலேயே கழற்றிப் பூட்டிய மெக்கானிக்குகள் நெல்லையிலும் தென்காசியிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் மாணவர்களை அவர்களிடம் அழைத்துப் போய், கேட்டு, எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்டின் சர்வீஸ் புத்தகமோ, கெசலின் கையேடோ, அங்குல ஸ்பேனரோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் கொண்டுவாருங்கள், படி எடுத்துத் திருப்பித் தருகிறோம். ஷெட்டில் வண்டியே கிடந்தால் இன்னும் நல்லது. ஆனி பிறப்பதற்குள் சொல்லுங்கள். தொண்ணூறு நம்பர் ஆயிலும் கன்னும் நாங்கள் எடுத்து வருகிறோம், வேலையை நீங்கள் உங்கள் கையால் செய்யுங்கள்.